பந்தலுக்குள் பெய்யாத மழை

ஒரே ஒரு ஊராம், பாகூர் பக்கம். அந்த ஊருக்கு ஒரே ஒரு மழைமானியாம். அந்த மழைமானிக்கு ஒரு அதிகாரி, ஒரு உதவியாளன். உதவியாளன் நான்தான் என்பதால் கதையை மாற்றிச் சொல்ல வழியில்லை.

மழைமானி ஒன்றும் பெரிய சமாச்சாரமில்லை. வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருக்கும் ஒரு டப்பா. உள்ளே சேர்ந்த தண்ணீரை அளந்தால் மழை அளவு. ஆனாலும் அரசாங்க டப்பா ஆயிற்றே, திறப்பு விழா வேண்டாமா? பள்ளிக்கூடத்துக்கு எதிரே இடுப்புயர மேடை கட்டி, நடுவில் அதை நட்டு, மேலே பெரிய தகரப் பந்தல் போட்டோம். விழாவுக்கு வரவேண்டியவருக்குத் தேதி ஒத்துவரவில்லை. விழா தள்ளிப்போனது, மறுபடியும் தள்ளிப்போனது. பந்தல் மட்டும் போகவில்லை.

"சார், பந்தலைப் பிரிச்சிடலாமா?"

"வர்றவரு திடீர்னு வந்து நின்னா, வெயில்ல காய வெப்பியா?" என்றார் அதிகாரி அரிகரன் சார்.

நியாயம்தானே. தினமும் அளந்தேன். தினமும் பூஜ்யம். அதை வைத்து மறுநாளைக்கு "வறண்ட வானிலை நிலவக்கூடும்" என்று கணித்து, போனில் என் பேஜில் கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன். பின்னால் கலர் கலராக ஒரு வரைபடம் ஓடும். அது எதைக் காட்டுகிறதென்று எனக்குத் தெரியாது. என் சட்டைக்கு எடுப்பாக இருந்தது. ஊரே லைக் போட்டது.

ஐப்பசியில் ஒருநாள் சாயங்காலம் மேற்கே கறுத்தது. இடி இடித்து ஊற்றிய ஊற்றில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு தெருவுக்குள் வந்தது. நான் பந்தலடியில் நனையாமல் நின்று, வறண்ட வானிலையைப் பற்றி லைவ் போட்டுக்கொண்டிருந்தேன்.

வாய்க்காலோரத்து ரோசம்மாள் அக்கா தொப்பலாக நனைந்து வந்தார். ஒரு கையில் குடம், மறு கையில் நிறைசினை ஆடு. பின்னாலேயே தெருச்சனம்.

"தம்பி, வூட்டுக்குள்ள தண்ணி ஏறிப்போச்சு. இது இன்னிக்கோ நாளைக்கோ குட்டி போட்டுரும். பள்ளிக்கூடத்தத் தொறக்கச் சொல்லுப்பா."

குடையோடு நின்ற அரிகரன் சார் தொண்டையைச் செருமினார். "சிவப்பு எச்சரிக்கை அமலில் இருக்கும் பட்சத்தில் மட்டுமே பள்ளியை நிவாரண மையமாகத் திறக்க ஆணை உண்டும்மா. தம்பி, அளவு என்ன?"

"பூஜ்யம் சார்."

"பாத்தியாம்மா? மழையே பேயல."

"அப்ப என் தலையில ஊத்துறது இன்னாபா?"

"அது பதிவுபெறாத மழை."

அக்கா சண்டை போடவில்லை. தெருத்தண்ணீரைக் குடத்தில் மொண்டு வந்து மழைமானிக்குள் கவிழ்த்தார். டப்பா வழிந்தது. என் கடமையைச் செய்தேன்.

"சார்! அதிகனமழை!"

"நல்லாப் பாத்தியா? எப்பய்யா பேஞ்சது?"

"இப்பத்தான் சார். திடீர் மேகவெடிப்பு."

சாருக்கு மூச்சு வந்தது. மேலிடத்துக்குப் போன் போட்டார், காத்திருந்தார், ஒப்புதல் வாங்கினார். நான் பேஜில் சிவப்பு போட்டேன். எனக்கே சிலிர்த்தது.

"சாவி?" என்றார் அக்கா.

சாவி பள்ளிக்கூட வாட்ச்மேன் பாக்யராஜிடம். போன் போட்டோம்.

"இப்பத்தான் நம்ம தம்பியோட பேஜ்ல பாத்தேன் சார். ரெட்டுன்னா நாளைக்கு லீவாச்சே! பூட்டிக்கினு தவளக்குப்பம் பஸ் ஏறிட்டேன்."

ரோசம்மாள் அக்கா அண்ணாந்து பந்தலைப் பார்த்தார். பிறகு என்னை. "ஏம்பா, பூஜ்யம்னு சொன்னல்ல? நெசந்தான்பா. இங்க ஒரு சொட்டு இல்ல."

ஆட்டை மழைமானிக் கம்பத்தில் கட்டினார். தெருவே மேடையேறியது. கடைசியில் சாரும் குடையை மடக்கிக்கொண்டு ஏறினார். நான் அளந்ததிலேயே சரியாக இருந்தது அந்தப் பூஜ்யம் ஒன்றுதான்.

ஆடு அங்கேயே குட்டி போட்டது.

விடிந்ததும் வெயில் சுள்ளென்று அடித்தது. தெருவில் தண்ணீர் வடிந்துவிட்டது. ஆனால் மேடையை விட்டு ஒருவரும் இறங்கவில்லை. எல்லார் கையிலும் போன்.

"வூட்டுக்குப் போகலையாக்கா?"

"ரெட்டுன்னு போட்டுருக்கே தம்பி."

"அது நீங்க குடத்துல மொண்டு ஊத்தின தண்ணிதானக்கா?"

"ஆமா. ஊத்துனது நாந்தான். இருந்தாலும் பேஜ்ல போட்டுருக்கேப்பா."

டப்பாவைக் கழற்றி ஆட்டுக்கு முன்னால் வைத்தேன். பிள்ளை பெற்ற தாகம், ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டது. அளந்தேன். பூஜ்யம். பேஜில் பச்சை போட்டேன்.

"பச்சை வந்துடுச்சு!" என்று சாருக்கும் சொன்னார்கள். அவர் தம் போனிலும் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு இறங்கினார். பாயும் பாத்திரமுமாக ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியாக ரோசம்மாள் அக்கா, குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, ஆட்டை இழுத்துக்கொண்டு இறங்கினார். நாலடி போய்த் திரும்பினார்.

"லைக் போட்டுட்டேன் தம்பி," என்று சொல்லிவிட்டு நடந்தார்.