ஹாலுக்குள் ஒரு முடுக்கு

மரியாதைக்குரிய மாமா ஹபீப் முகம்மது அவர்களுக்கு,

அஜ்மானிலிருந்து மருமகன் முகம்மது ரிபாய் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் ஹஃபீஸாவும் மகள் ஆமிராவும் உடலளவில் சுகம். தங்கள் சுகத்துக்கும் மாமியின் முழங்காலுக்கும் துஆ செய்கிறோம். போனில் என்னைப் பேச விடமாட்டீர்கள் என்பதால்தான் இதை எழுதிப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

மாமா, எங்கள் வீட்டு வாசல் நேரே ஹாலில்தான் திறக்கும். பெட்ரூமிலிருந்து அடுப்படிக்குப் போவதென்றாலும் ஹாலைத் தாண்ட வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நம்மூர் ஆட்கள் நாலு பேர் வந்துவிட்டால் ஹஃபீஸாவும் ஆமிராவும் பெட்ரூமுக்குள் அடைபட்டுக் கிடப்பார்கள், அடுப்பில் கறி தன்பாட்டுக்குக் கருகும். போன பெருநாளுக்குப் பகல் முழுக்க அப்படி அடைபட்டவள் சாயங்காலம் வெளியே வந்து சொன்னாள்: "ஷார்ஜாவுல பெரிய வீடாப் பாருங்க. இல்லாட்டி லீவுக்கு ஊருக்குப் போற நானும் புள்ளையும் திரும்பி வரமாட்டோம். எங்க வாப்பா எனக்குக் கட்டித் தந்த வீடு அங்க சும்மாதான் கிடக்கு." நம்மூர் வழக்கப்படி பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்தீர்கள், சந்தோஷம். ஆனால் அவர்கள் போய்விட்டால் நான் மறுபடி பேச்சிலர் ரூமில் மேல்கட்டிலில் ஏறிப் படுத்து, காலையில் பாத்ரூமுக்கு வரிசையில் நிற்க வேண்டும். இந்த இடுப்பை வைத்துக்கொண்டு அது நடக்காது.

அப்போதுதான் நீங்கள் எனக்குத் தனியாக போன் போட்டு, "வீட்ட மாத்தாதீங்க மாப்பிள்ளை, வீட்டுக்குள்ள மாத்துங்க" என்று சொல்லி ஒரு வரைபடமும் அனுப்பினீர்கள். ஊரில் ஆண்கள் கண்ணில் படாமல் பெண்கள் வீட்டுக்கு வீடு போய்வர முடுக்கு இருக்கிறதே, அதே மாதிரி எங்கள் வாசலிலிருந்து பெட்ரூமைத் தொட்டு அடுப்படிவரை ஹாலுக்குள்ளேயே ஒரு முடுக்கு. பில்டிங் காவல்காரர் ஹஸ்னைன் பாய் பார்ட்டிஷன் மாஃபி, தடுப்புச் சுவர் கூடவே கூடாது என்று கையை விரித்தார் என்றேன். சுவர்தானே கூடாது, அலமாரி வைக்கக் கூடாது என்றா சொன்னார் என்று கேட்டீர்கள். நானும் புத்தி கெட்டுப் போய், பழைய சாமான் கடையில் உயரத்துக்கு ஒன்று நிறத்துக்கு ஒன்றாக அலமாரிகளை வாங்கி வரிசையாக நிறுத்தினேன்.

முடுக்குப் பக்கம் கதவு திறக்க இடமில்லை, அதனால் அலமாரிக் கதவெல்லாம் ஹால் பக்கம். இதன் பொருளை நீங்களும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. பெண்கள் அந்தப் பக்கம், அவர்களுடைய துணிமணி அத்தனையும் ஆண்கள் பக்கம். ஏசிக் காற்று முழுக்க முடுக்குக்குள் போகிறது. மிச்சமிருக்கிற ஹாலில் விருந்தாளிகள் பஸ்ஸில் உட்கார்ந்த மாதிரி ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு வேர்த்துக் கொட்டுகிறார்கள். போன வாரம் எங்கள் ஜவுளிக்கடை மேனேஜர் சேதுமாதவன் சார் பிரியாணிக்கு வந்திருந்தார். அலமாரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆமிரா என் மொபைலுக்கு போன் செய்கிறாள், "வாப்பா, டியூஷனுக்கு லேட், ப்ளூ ஷால், தேர்ட் ஷெல்ஃப்" என்று. நான் கதவை இழுத்தேன், கதவு கையோடு வந்துவிட்டது. உள்ளே இருந்ததெல்லாம் சார் தட்டில் விழுந்தது. பாவம், மனிதர் கோபப்படவில்லை. ஷாலை எடுத்து உதறி, விரலால் தடவிப் பார்த்து, இது நம்ம கடைச் சரக்கு இல்லையே என்றார். அன்றிலிருந்து கடையில் என்னை ஒரு மாதிரிதான் பார்க்கிறார்.

உங்கள் பெயர் வரக்கூடாது என்று நீங்கள் சொன்னதால் இது உங்கள் யோசனை என்று ஹஃபீஸாவிடம் நான் மூச்சுவிடவில்லை. அவள் இப்போது என்னிடம் பேசுவதே குறைவு. நான் வேலை முடிந்து வந்தால் அவள் முடுக்குக்குள்தான் இருக்கிறாள், கூப்பிட்டால் "ம்" என்கிறாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை மாமா. கடையில் துணியை அளந்துகொண்டிருக்கும்போதே அவள் பெட்டி கட்டிவிட்டாளோ என்று கணக்கைத் தவறவிட்டு மறுபடி முதலிலிருந்து அளக்கிறேன். ஷார்ஜாவில் ஒரு வீடு பார்த்துவிட்டேன், நாளை அட்வான்ஸ் கொடுக்கப் போகிறேன், என்னைத் தடுக்காதீர்கள். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: இன்றே மகளுக்கு போன் செய்து, இந்த முடுக்கு என் வேலை, மாப்பிள்ளைமேல் தப்பில்லை என்று சொல்லிவிடுங்கள்.

மாமிக்கும் மற்றுள்ளோருக்கும் என் ஸலாம். அல்லாஹ் தங்களுக்கு நீண்ட ஆயுளையும், குறைந்த யோசனைகளையும் தருவானாக, ஆமீன்.

இப்படிக்கு,
மருமகன் முகம்மது ரிபாய்

பின்குறிப்பு: இதை அனுப்புமுன் ஹஃபீஸாவிடம் ஷார்ஜா வீட்டைப் பற்றிச் சொல்லலாம் என்று போனேன். முடுக்கில் பாய் விரித்து, மேல்மாடி ரம்ஸியாவும் இன்னும் நாலைந்து பெண்களும் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டார்கள், நான் மாடிப்படிக்கு வந்துவிட்டேன். பின்னாலேயே ஹஃபீஸா வந்தாள். "இந்த ஊருக்கு வந்த நாள்லேருந்து கதவச் சாத்திக்கிட்டே இருந்தேன். இப்பதான் நாலு பேர் வந்து உக்கார்ற வீடாச்சு. ஷார்ஜாவும் வேணாம், ஊரும் வேணாம். உங்களுக்கு இப்படி ஒரு யோசனை வரும்னு நான் நினைக்கவே இல்ல" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னைப் பாராட்டியது இதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆகவே மாமா, தயவுசெய்து போன் செய்ய வேண்டாம்.