குளத்துத் தவளைகளின் ஒத்திசைவுச் சான்றிதழ்

ஒரு காட்டில், பத்து மரமும் ஒரு அலுவலகமும்தான் மிச்சம் என்றாலும் பெயர் காடுதான், ஒரு குளம் இருந்தது. அங்கிருந்த தவளைகளுக்கு ஒரு வழக்கம். மழை விழுந்தால் எல்லாம் ஒரே மூச்சில் கத்தும், ஒரே மூச்சில் நிறுத்தும். தனியாகக் கத்தினால் பாம்புக்கு இடம் தெரிந்துவிடும்.

ஒருநாள் அலுவலக வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள்: 'ஒத்திசைவுச் சான்றிதழ் இல்லாதவர்கள் குளத்தைக் காலி செய்ய வேண்டும்.'

குளத்திலேயே பட்டம் வாங்கிய ஒரே தவளை பூவாத்தா. அவளுடைய தாய்மாமன் சின்னான் கேட்டார்: "ஏம்புள்ள, அப்படின்னா என்ன?"

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பூவாத்தாவுக்குப் பயம். அகராதியை இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். "ஒத்து இசையறதுங்க மாமா. பாட்டுக்காரங்ககிட்ட இருந்து வந்த சொல்லாட்டம் இருக்குது, உறுதியாத் தெரியலைங்க. ஒருத்தர் சத்தத்தைக் கேட்டு இன்னொருத்தர் அதோட சேர்ந்துக்கிறது. மழைக்கு நாம பண்றமே, அதேதானுங்க."

"இதுக்கா பட்டணம் போய்ப் படிச்சே?" குளமே சிரித்தது.

சோதிக்க வந்த அதிகாரி ஒரு சாரைப்பாம்பு. தவளைகள் சேர்ந்து கத்தின. அதிகாரி தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு தவளையும் அகப்படவில்லை.

"கும்பலாக் கத்தினா மார்க் போட முடியாது. ஒவ்வொருத்தரா அந்தப் புதருக்குப் பின்னால வாங்க."

"தனியா எப்படிங்க ஐயா ஒத்திசைய முடியும்?" என்றாள் பூவாத்தா.

"விதி அப்படி."

"கம்முனு இரு புள்ள. வர்ற சான்றிதழையும் கெடுத்துராதே" என்று சின்னான் முதல் ஆளாகத் தாவினார். ஒரே ஒரு கத்தல் கேட்டது. பிறகு அதிகாரியின் குரல்: "பாஸ்! அடுத்து!"

பக்கத்துப் பாறை ராக்கியண்ணன் போனார்.

"பாஸ்! அடுத்து!"

அடுத்தது பூவாத்தா. புதரை நெருங்கியவள் நின்று கேட்டாள்: "பாஸானவங்க எங்கேங்க ஐயா?"

"உள்ளே இருக்காங்க."

எதற்குள் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அதிகாரியின் வயிறு இரண்டு இடத்தில் புடைத்திருந்தது. பூவாத்தா பயத்தில் தன்னை மறந்து கத்தினாள். அதைக் கேட்டுக் குளமே கத்தியது, எல்லாம் பழக்கம்தான். வயிற்றுக்குள்ளிருந்தும் இரண்டு குரல்கள் பிசகாமல் சேர்ந்துகொண்டன. ஒவ்வொரு கத்தலுக்கும் அதிகாரி தலை முதல் வால் வரை அதிர்ந்தார். கடைசியில் குமட்டிக்கொண்டு இருவரையும் துப்பிவிட்டு வேலியோரமாக ஓடிப்போனார்.

பூவாத்தா அழுதுகொண்டே மாமாவைத் துடைத்துவிட்டாள். கண் திறந்த மாமா அவள் கையைத் தட்டிவிட்டார்.

"பாஸானவனை வெளியே இழுத்துட்டியே, பாவி! இனிச் சான்றிதழுக்கு நான் யார்கிட்டப் போவேன்?"

பாம்பு போன திசையில், "ஐயா! ஐயா!" என்று தன்னந்தனியாகக் கத்திக்கொண்டே தாவினார். ராக்கியண்ணன் அவருக்குப் பின்னால் வரிசையில் சேர்ந்துகொண்டார்.

நீதி: பாம்பின் வயிற்றிலிருந்து ஒருவரைக் காப்பாற்றுமுன், அவர் பாஸாகிவிட்டாரா என்று கேட்டுக்கொள்ளவும்.