லைன்மேன் சுட்ட மீனும் பழைய சாமையும்

ஜவ்வாது மலையில் போன கரண்ட் திரும்பி வரவில்லையென்றால் இரண்டே காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, மரம் விழுந்து கம்பி அறுந்திருக்கும். இல்லையென்றால் எங்கள் லைன்மேன் மீன் வாங்கியிருப்பார்.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். அங்கே பள்ளிக்கூட வாத்தியாராகப் போய்ப் பக்கத்து வீட்டில் குடியிருந்த எனக்கே அது தெரியாது. மலையில் பிறந்து வளர்ந்த அவர் மனைவி வள்ளியக்காகூட "யோவ் லைன்மேன்" என்றுதான் கூப்பிடுவார்.

செங்கத்திலிருந்து மொபெட்டில் அணை மீன் ஏறி வருகிற நாளில் லைன்மேனுக்குக் கண் தெரியாது, காது கேட்காது. கட்லாத் துண்டுகளைத் துணியால் ஒற்றி ஈரம் போக எடுப்பார். மல்லி, மிளகு, சோம்பு, சீரகத்தைக் கொரகொரப்பாக இடித்து இரண்டு பக்கமும் அப்புவார். இரும்புத் தோசைக்கல் புகைகிறவரை காய வேண்டும். மீன் கல்லில் விழுந்துவிட்டால் பக்கத்தில் யாரும் மூச்சுவிடக் கூடாது, போன் அடித்தாலும் எடுக்கமாட்டார்.

"சார், மீனு தானா கல்லை வுடும். அவசரப்பட்டுப் புடுங்குனா தோலு கல்லோட பூடும்" என்பார்.

ஒருமுறை வார்டு மெம்பர் செல்போன் வெளிச்சத்தில் தடுமாறி வந்து சேர்ந்தார்.

"இன்னாய்யா, ஊரே இருட்டுல கெடக்குது. நீ மீனு வறுத்துக்கினு கீற?"

"கரண்ட்டு எங்க போயிடும்? மீனு கருகிடும். குந்து."

மெம்பர் குந்தினார். ஒரு துண்டைத் தின்றார். இன்னொரு துண்டு கல்லில் வேகிறதென்று தெரிந்ததும் இருட்டைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்.

இந்தக் கூத்தெல்லாம் வள்ளியக்கா படுக்கையில் விழுகிறவரைதான். வேலூரில் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்துவிட்டு வந்தபோது அக்கா பாதி ஆளாகியிருந்தார். எதைத் தின்றாலும் மண்ணாக இருக்கிறது என்றார். சூடான சோற்றின் ஆவி பட்டாலே குமட்டும். சாப்பாடு இறங்கினால்தான் அடுத்த ஊசியை உடம்பு தாங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது இறங்கவே இல்லை.

லைன்மேன் போனில் கண்ட வீடியோவெல்லாம் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார். மீனைச் சுட்டு ஆறவைப்பது. சாமையை வடித்து ஆறவைத்து, வெள்ளரி, வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு கலந்து சாலட் செய்வது. ஆவியும் இல்லை, எண்ணெய் வாசனையும் இல்லை. அதற்கு 'ஜில்லுச் சோறு' என்று பெயர்கூட வைத்துவிட்டார்.

மீன் வாடை உள்ளே போகக் கூடாதென்று அடுப்பை வாசலுக்குக் கொண்டுவந்தார். ஐப்பசி மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தது. தலையில் ஹெல்மெட், கையில் கம்பத்தில் ஏறும்போது போடுகிற ரப்பர் கையுறை. நான் பக்கத்தில் நின்று குடை பிடித்தேன், எனக்கல்ல, மீனுக்கு. நான் முழுக்க நனைந்தேன்.

தட்டு உள்ளே போனது. அக்கா சாமையை விரலால் தள்ளிப் பார்த்தார்.

"ஒட்டுது. புதுச் சாமையா?"

"ஆமா, இப்பதான் அறுத்தாங்க. ஃப்ரெஷ்ஷு."

"சாமிக்கு வெச்சாச்சா?"

லைன்மேன் விழித்தார். கீழ்நாட்டுக்காரர், சமவெளியில் பிறந்தவர். மலையில் புதுத் தானியத்தை ஊர்கூடிச் சாமிக்குப் படைக்காமல் யாரும் வாயில் வைக்கமாட்டார்கள். படையலுக்கோ இன்னும் நாள் குறிக்கவில்லை.

"உயிரு போற நேரத்துல இன்னாடி சாமி?"

"போற நேரத்துலதான் பயமா கீது" என்று அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மீனையும் தொடவில்லை.

அந்த மழையிலேயே லைன்மேன் பைக்கை எடுத்துக்கொண்டு அக்கா பிறந்த ஊர் பூசாரியிடம் போனார். நானும் பின்னால் தொற்றிக்கொண்டேன். ஒருத்திக்காகப் படையலை முன்கூட்டியே வைக்க முடியாது என்று பூசாரி சொன்னார். லைன்மேன் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

பூசாரி எழுந்து உள்ளே போனார். தானியக் குதிரின் அடியை வழித்துப் போன வருஷத்துச் சாமையைக் கையில் ஏந்தி வந்தார்.

"பழசு தின்ன எந்த சாமியும் வாணாங்காதுப்பா."

புதுசு அறுக்கிற சமயத்தில் யார் வீட்டிலும் பழைய சாமை அதிகம் இருக்காது. விஷயம் பரவி, அவரவர் வீட்டில் கிடந்ததைக் கொண்டுவந்தார்கள். ஒரு அம்மா முறத்தோடு வந்து நின்றார்.

"முந்தா நாள்லர்ந்து எங்க வூட்ல கரண்ட்டு இல்ல. நீயெல்லாம் ஒரு லைன்மேனு! இந்தா, வள்ளிக்குக் குடு."

மறுநாள் மதியம் மறுபடியும் அடுப்பு, ஹெல்மெட், குடை. பழைய சாமை உதிரி உதிரியாக வந்திருந்தது. அக்கா ஒரு வாய் எடுத்தார். மீனைப் பிய்த்து இன்னொரு வாய். நாங்கள் இருவரும் கதவுப் பக்கம் நின்றோம்.

"யோவ், உப்பு கம்மி."

லைன்மேன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மாசக்கணக்கில் மண்ணாகக் கிடந்த நாக்கு உப்பைக் கேட்கிறது! மனுஷன் தெருவுக்கு ஓடினார். "உப்பு கம்மியாம், உப்பு கம்மியாம்" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதார். தன் சமையலைக் குறை சொன்னதற்கு அவர் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை என்று ஊர் சிரித்தது.

அக்கா அடுத்த ஊசிக்குப் போனார். அதற்கடுத்ததற்கும் போனார். ஆனால் தை பிறப்பதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

எனக்குத் திருப்பத்தூருக்கு மாற்றலாகிவிட்டது. மீன் வாங்கினால் லைன்மேன் போன் செய்கிறார். "தனியா தின்னா எறங்கல சார். வர்றீங்களா?" பஸ் ஏறிப் போகிறேன். எதிரெதிரே உட்கார்ந்து தின்கிறோம். அந்தக் கிறுக்கு மனுஷனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சொன்னால் அழுதுவிடுவார், நானும் அழுதுவிடுவேன். அதனால் "முள்ளு பார்த்துத் தின்னுங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.