முன்பூஜ்யம் வழங்கும் விதிகள்

எங்கள் ஊர் அக்-புலாக்கில் பிள்ளை பிறந்தால் முதலில் மழலையர் பள்ளி வரிசையில் எண் வாங்குவோம். பெயர் வைப்பதெல்லாம் பிறகுதான். அந்த வரிசையைக் கணினிக்கு மாற்றி, சிபாரிசை வேரோடு ஒழிப்பது என்று நகராட்சி தீர்மானித்தது. ஒழிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நகராட்சியின் இணையதளத்துக்கு நிரல் எழுதுகிறவன் நான்தான்.

தளம் திறந்த காலையிலேயே பதிந்தவள் புருல். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை வேலை. மகள் மேரிமுக்கு மூன்று வயது, கிடைத்த எண் ஒன்பது. செப்டம்பர் முதல் தேதி வேலைக்குத் திரும்பாவிட்டால் அவள் நாற்காலியில் வேறொருத்தி உட்காருவாள். ஒன்பதாம் எண்ணுக்கு அதைப் பற்றி என்ன கவலை என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

ஆகஸ்டில் என் அறைக்கு வந்தாள்.

"தம்பி, பத்தைக் கூப்பிட்டாச்சு. நூறைக் கூப்பிட்டாச்சு. நேத்து ஆயிரத்து அஞ்சு உள்ள போயிருச்சு. ஒன்பதுன்னு ஒரு நம்பர் இருக்கிறது உங்க மெஷினுக்குத் தெரியுமா?"

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுக்கா" என்று சொல்லி அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். தப்பு பண்ணியிருந்தது. எண்களை எண்களாகப் பார்க்காமல், பெயர்களை அடுக்குவதுபோல முதல் எழுத்தை வைத்து அடுக்கியிருந்தது. ஒன்றில் தொடங்குகிற எல்லாரும் முதலில், பிறகு இரண்டில் தொடங்குகிறவர்கள், கடைசியில் ஒன்பது. 3412 பிள்ளைகளில் மேரிம் 3302-வதாக நின்றாள். பிழை என்னுடையது. இதை இன்றுவரை நான் எழுத்தில் ஒப்புக்கொண்டதில்லை.

வைத்தியம் ஒரே வரிதான். எல்லா எண்களும் நான்கு இலக்கம் ஆகும்படி முன்னால் பூஜ்யம் நிரப்பச் சொன்னேன். 9 என்பது 0009 ஆனது, 10 என்பது 0010. வரிசை ஒழுங்காகிவிட்டது. நிம்மதியாகப் போய் ஒரு கிண்ணம் லக்மான் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

வந்தால், எங்கள் அலுவலக இயக்குநர் ஷார்ஷென்பெக் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"இந்த 0009 யாரு?"

"ஆஸ்பத்திரி புருல் அக்கா பொண்ணு ஐயா."

"யாருக்குச் சொந்தம்?"

"யாருக்கும் இல்ல."

"யாருக்கும் சொந்தமில்லாதவளுக்கு மூணு சைபரா?"

எங்கள் ஊரில் வண்டி எண் பூஜ்யத்தில் தொடங்கினால் போக்குவரத்துக் காவலர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிடுவார். 001 என்பது துணை நகரத் தலைவர் ஓஸ்கோன்பாயின் வண்டி. அந்த எண்ணுக்காக அவர் எத்தனை ஆடு அறுத்தார் என்பது ஊருக்கே தெரியும்.

"ஐயா, முன்னால போடுற சைபருக்கு மதிப்பே கிடையாது" என்றேன்.

"மதிப்பில்லாததை அரசாங்கம் எதுக்குக் குடுக்குது? மதிப்பில்லாததை ஓஸ்கோன்பாய் எதுக்கு வண்டியில மாட்டிக்கிட்டுத் திரியிறாரு?"



மறுநாள் ஓஸ்கோன்பாயே வந்தார். அவருடைய பேரன் எண் 3127.

"என் பேரனுக்கு ஒரு சைபர்கூட இல்லையாமே. ரெண்டு வயசுல அவன் என்னய்யா குத்தம் பண்ணான்?"

"உங்க நம்பர்ல ஏற்கெனவே நாலு இலக்கம் இருக்குங்க ஐயா. இல்லாதவங்களுக்குத்தான்..."

"இல்லாதவனுக்குக் குடுக்கிறதை இந்த ஆபீஸ்ல எப்ப ஆரம்பிச்சீங்க?"

உடனே எழுவர் குழு அமைக்கப்பட்டது. அது மூன்று முறை கூடி, இரண்டு ஆடுகளையும் ஒரு அறிக்கையையும் முடித்தது. பூஜ்யங்கள் பொதுச்சொத்து எனவும், தகுதியறிந்து மட்டுமே வழங்கப்பட வேண்டும் எனவும் அறிக்கை கூறியது. அலுவலர் வீட்டுப் பிள்ளைக்கு ஒன்று, துறைத் தலைவர் வீட்டுக்கு மூன்று, துணை நகரத் தலைவரின் பேரனுக்கு ஆறு. பொதுமக்கள் விண்ணப்பிக்கலாம். பரிசீலனைக்குக் காலவரையறை இல்லை.

அதிகப் பூஜ்யம் உள்ள எண்ணைக் கணினி முதலில் அழைத்துவிடும் என்று நான் குழுவிடம் எச்சரித்தேன். "இது தற்செயலானது" என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். விதிகளை நிரலில் ஏற்றியது நான். என் சம்பளமும் இவர்கள் கையெழுத்தில்தான் வருகிறது.

அதன்பின் ஊருக்குப் பூஜ்யப் பித்துப் பிடித்தது. வீட்டுக் கதவுகளில் 12 போய் 00012 வந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் தேநீரைத் தொடுவதற்கு முன்பே, "உங்க குடும்பத்துக்கு எத்தனை?" என்று கேட்டார்கள். பல் டாக்டர் தன் பலகையில் இரண்டு போட்டுக்கொண்டார். பல் வலி அப்படியேதான் இருந்தது.

புருலுக்கு ஓலை போயிற்று. விண்ணப்பிக்காமல் பெற்ற மூன்று பூஜ்யங்களை ஏழு நாட்களுக்குள் சேதமின்றித் திரும்ப ஒப்படைக்க வேண்டும். வந்து கையெழுத்துப் போட்டாள். "மூன்றும் நல்ல நிலையில் பெறப்பட்டன" என்று ரசீது எழுதிக் கொடுத்தேன்.

"தம்பி, இதைப் போட்டது நீ. எடுக்கிறதும் நீ. அங்கேயே விட்டுட்டா யாருக்குத் தெரியப் போகுது? வேலைக்குத் திரும்ப இன்னும் ஆறு நாள்தான் இருக்கு எனக்கு."

"விதி அப்படி இருக்குக்கா."

அவள் ரசீதை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள். எனக்கு வெட்கமாக இருந்தது. மாலை வீட்டுக்குப் போகும்வரை இருந்தது.

ஒன்பதாம் எண்ணை நான்கு வருடம் கழித்து அழைத்தோம். புருல் மகளோடு வந்தாள். மேரிம் முதுகில் பள்ளிக்கூடப் பை. அழைப்புக் கடிதத்தை அவளே எழுத்துக்கூட்டி வாசித்தாள். 'மூன்று வயதுக் குழந்தைக்கு மாற்று உடை கொண்டுவரவும்' என்ற இடத்தில் நிறுத்தி, அம்மாவைப் பார்த்தாள். இடம் வேண்டாம் என்று எழுதி வாங்கிக்கொண்டேன். அதற்கும் ஒரு படிவம் இருந்தது.

புருல் எழுந்திருக்கவில்லை. மகளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். சூடான பூர்சோக், எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகள். ஆஸ்பத்திரி வேலை போன பிறகு சந்தையில் போட்டு விற்கிறாளாம்.

"சின்னவனுக்கு ரெண்டு வயசு ஆகுது தம்பி."

"விண்ணப்பம் போடுங்கக்கா. பரிசீலனை பண்ணுவாங்க."

"அது கிடக்கட்டும். எட்டு சைபர் போட்டுக் குடு."

"எட்டா? ஓஸ்கோன்பாய் பேரனுக்கே ஆறுதான்."

"தெரியும். உன் பையனுக்கு ஏழாமே."

பூர்சோக் நன்றாக இருந்தது. எட்டுப் போட்டுக் கொடுத்தேன். அடுத்த மாதம் என் மகளைப் பதியப் போகிறேன், அவளுக்கு ஒன்பது பூஜ்யமாவது போட வேண்டியிருக்கும்.