சுகந்தியின் பச்சைப் புடவை

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்பு மகன் அபினேஷுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. தேவனுடைய கிருபையால் நானும் உன் அம்மாவும் இங்கே நலம். நீயும் ரெனிட்டாவும் பிள்ளையும் அந்தக் கனடாக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று மாலை ஜெபத்தில் உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்காத நாள் இல்லை. போனில் பேசாமல் பழையபடி பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேனே என்று நீ யோசிப்பாய். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நின்று பாதிப் பேச்சைப் பிடுங்கிக்கொள்கிறாள். எழுதி முடித்ததும் நம் தோல் மண்டி ரஷீத் அஹமது அங்கிள் இதைத் தன் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவார். பக்க எண்ணைப் பார்த்துப் படி. அவர் எந்தப் பக்கத்தை முதலில் அனுப்புவார் என்று சொல்ல முடியாது.

நீ கேட்டது ஒரே கேள்வி. அம்மாவுக்குக் கண் எப்படி இருக்கிறது? ஒரு வரியில் பதில் எழுதலாம். ஆனால் பள்ளியில் பூகோளத்தோடு கணக்கும் எடுத்தவன் நான், விடை மட்டும் எழுதி வழி எழுதாத கணக்குக்கு யாருக்கும் முழு மதிப்பெண் போட்டதில்லை. அதனால் வழியையும் எழுதுகிறேன்.

சர்க்கரை கண் நரம்பு வரைக்கும் போயிருக்கிறது, கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டரம்மா சொன்னது உனக்குத் தெரியும். அன்றைக்கு உன் அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு என்னைக்கூடக் கூப்பிடாமல் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிட்டாள். வேலை செய்த காலமெல்லாம் ஊருக்கே ஊசி போட்டவள் அவள். பள்ளிக்கூடத்துக்குத் தடுப்பூசி போட வந்தபோது பிள்ளைகள் எல்லாம் தைரியமாக நிற்க, சட்டைக் கையை மடித்த நான் மயங்கி விழுந்ததை இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறவள். அவளுக்கு ஊசி பயமா என்று கேட்டேன். "எனக்கென்ன பயம்? கண்ணு நல்லா தெரியுது. டி.வி. பார்க்குறேனே, தெரியாமலா பார்க்குறேன்?" என்றாள். அந்த டி.வி.தான் அவளுடைய மெடிக்கல் சர்ட்டிபிகேட். தினம் சாயங்காலம் சீரியலில் சுகந்தி என்ன புடவை, அவள் மாமியார் என்ன நகை என்று எனக்கு விவரமாகச் சொல்வாள். நானும் அந்தச் சர்ட்டிபிகேட்டை ஏற்றுக்கொண்டேன். அதுதான் இந்தக் கதைக்கு அடிப்படை.

அப்போதுதான் நீ, அந்த ஊர்க்காரர்கள் எல்லாம் வீட்டையே வண்டியில் வைத்துக்கொண்டு காட்டில் போய்த் தங்குவதைப் படம் பிடித்து அனுப்பி, "அம்மாவை எங்கேயாவது கூட்டிப் போங்கப்பா, மனசு மாறும்" என்று எழுதினாய். இங்கே ரஷீத் அங்கிளின் மகன் அஸ்பாக், ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி கழித்துப்போட்ட ஆள் ஏற்றும் வேனை வாங்கி, சீட்டைக் கழற்றிவிட்டு, இரண்டு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு வாஷ்பேசின் வைத்துக் கேரவன் என்று பெயர் சூட்டியிருந்தான். வாடகைக்கு விடுவதற்கு முன்னால் யாராவது தங்கிப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். பரிசோதனைக்கு எலிகள் கிடைக்காதபோது ஓய்வு பெற்றவர்கள் கிடைப்பார்கள். உள்ளே ஏறினால் தோல் வாடை. வெயிலில் கொஞ்சம் கம்மி, மழையில் ஜாஸ்தி. அம்மா படியில் காலைத் துழாவித் துழாவி ஏறினாள். படி உயரம் சரியில்லை என்று அஸ்பாக்கைத் திட்டினேன்.

வருவதற்கு அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "சுகந்திக்கு இந்த வாரம் கோர்ட்டுல தீர்ப்பு. வண்டியில டி.வி. இருந்தா வர்றேன். இல்லைன்னா நீங்களும் ரஷீத் பாயும் போய் மரத்தைப் பார்த்துட்டு வாங்க." ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலையில் அங்கிளின் சொந்தக்காரர் நிலத்தில் தங்க ஏற்பாடு. அங்கே போனில் டவர் கிடையாது. ஆகவே டிஷ்தான் வழி என்றானது. நீ மூன்று வகை எழுதியிருந்தாய். வண்டிக் கூரையில் குடம் கவிழ்த்ததுபோல் உட்கார்ந்து தானே சேட்டிலைட்டைத் தேடிக்கொள்வது ஒன்று. தரையில் முக்காலி போட்டு நாமே திருப்புவது ஒன்று. கூரையோடு முடுக்கிவிட்டு வண்டியையே திருப்புவது ஒன்று. முதல் வகையைக் கேட்டபோது கடைக்காரர், "சார், அது மினிஸ்டர் வண்டியில கூட இல்ல" என்றார். மூன்றாவதுக்கு அஸ்பாக், கூரையில் ஓட்டை போட்டால் மழை ஒழுகும் என்று அழாத குறை. ஆகையால் இரண்டாவது. வீட்டு மாடியில் இருந்த டிஷ்ஷையே கழற்றி, நான் டியூஷன் எடுத்த கரும்பலகையின் ஸ்டாண்டில் கட்டினோம். பலகை இருந்த இடத்தில் டிஷ் பார்க்க நன்றாகவே இருந்தது. பாடம் இனிமேல் ஆகாயத்திலிருந்து வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

டிஷ் தென்கிழக்கே, நன்றாக மேல்நோக்கிப் பார்க்க வேண்டும். ஒரு விரல் அகலம் தப்பினாலும் படம் இல்லை. கடைக்காரர் சொன்னது இவ்வளவுதான். தென்கிழக்கு வேண்டுமானால் முதலில் கிழக்கு வேண்டும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மலை முழுவதும் மேகம், தூறல், சூரியன் இருந்ததற்கே அடையாளம் இல்லை. அங்கிள் போனில் திசைகாட்டியைத் திறந்தார். அது போனைக் காற்றில் எட்டு போடச் சொன்னது. அவர் வேன் பக்கத்திலேயே நின்று எட்டு எட்டாகப் போட்டார். இரும்புக்குப் பக்கத்தில் நின்றால் முள் பைத்தியமாகிவிடும் என்பது அந்த நேரத்தில் பூகோள ஆசிரியனான எனக்கு நினைவுக்கு வரவில்லை. ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு வடக்கு வந்தது. "இன்னா சார் இது பேஜார்! இத்தினி எட்டு போட்டதுக்கு லாரி லைசென்ஸே குடுத்திருப்பாங்க" என்று போனைப் பைக்குள் போட்டுவிட்டார்.

பக்கத்தில் ஒரு சின்ன ஜெப ஆலயம் இருந்தது. நமக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? நம் கோவில்களில் பீடம் கிழக்கே இருக்கும் என்று கதவுச் சந்து வழியாகப் பார்த்து, கிழக்கைப் பிடித்துவிட்டேன். அங்கிள் தொழ வேண்டும், "மேற்கு எந்தப் பக்கம் சார்?" என்றார். காட்டினேன். அவர் விரிப்பைப் போட்டுத் தொழுதார். அவர் தொழுத திசையை வைத்து என் கிழக்கைச் சரிபார்த்தேன். அச்சுப் பிசகாமல் நேர் எதிராக இருந்தது! இரண்டு மதமும் ஒத்துப்போன பிறகு என்ன சந்தேகம்? காப்பியடித்தவன் தாளை வைத்து, காப்பி கொடுத்தவன் தாளைத் திருத்துவதுபோல் இது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அன்று சாயங்காலம் முழுக்க டிஷ்ஷை மேலே தூக்கினேன், கீழே இறக்கினேன். அங்கிள் உள்ளேயிருந்து, "சிக்னல் இல்லைன்னு எழுதுது சார்... இன்னும் இல்லைன்னுதான் எழுதுது..." என்று கிரிக்கெட் வர்ணனை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். மரம் மறைக்கிறது என்று ஸ்டாண்டை வேன் கூரைமேல் ஏற்றி, தோல் மண்டிக் கயிற்றால் கட்டினேன். இப்போது உள்ளே யார் நடந்தாலும் டிஷ் ஆடியது. அதனால் அம்மா அசையக்கூடாது, இருமக்கூடாது, சோறு கிண்டக்கூடாது என்று உத்தரவு போட்டேன். "வீட்டுல இருந்திருந்தா படுத்துக்கிட்டே பார்த்திருப்பேன். கேரவனாம் கேரவன். நடிகைங்க எல்லாம் இதுலதான் இப்படி மூச்சுவிடாம உட்கார்ந்திருப்பாங்களா?" என்றாள் அம்மா. அன்றைய சுகந்தி போய்விட்டாள்.

மறுநாளும் அதே தூறல், அதே டிஷ். சாயங்காலம் நான் கூரையில் இருந்தபோது அம்மா கீழே நின்று சாதாரணமாகச் சொன்னாள். "காலைல நான் கோவில்ல முழங்கால் போட்டிருந்தேன். பீடத்தைப் பார்த்துதான் இருந்தேன். கொஞ்ச நேரம் மேகம் விலகுச்சு போல, வாசல் வழியா வெயில் வந்து முதுகுல சுட்டுச்சு."

காலை வெயில் முதுகில் சுட்டால் பீடம் மேற்கே இருக்கிறது. யாரோ பழைய கிடங்கை ஆலயமாக மாற்றியிருக்கிறார்கள், வாசல் கிழக்கே வந்துவிட்டது. கீழே அங்கிளின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் புரிந்துவிட்டது. "சார்... அப்போ நேத்துலேர்ந்து நான் ஜப்பானைப் பார்த்தா தொழுதுக்கினு இருக்கேன்?" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். "அல்லாவுக்கு என் மனசு தெரியும், என்னை மன்னிச்சுடுவான். ஜியாகிரபி வாத்தியார் நீங்க, உங்க கேஸுதான் கொஞ்சம் கஷ்டம்" என்றார். முதுகில் பட்ட சூட்டை வைத்து அவள் திசை சொன்னாள். அவள் அதைக் கண்ணால் பார்த்துச் சொல்லவில்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை, அபினேஷ். எனக்கு டிஷ்தான் பெரிதாக இருந்தது.

டிஷ்ஷை அப்படியே எதிர்ப்பக்கம் திருப்பினேன். மழை வலுத்தது, ஏணி வழுக்கியது. அங்கிள் ஏணியைப் பிடிக்க உள்ளிருந்து ஓடிவந்தார். டி.வி.யைப் பார்த்துச் சொல்லும் வேலை அம்மாவுக்கு வந்தது. நான் ஒரு விரல், ஒரு விரலாக நகர்த்தினேன். திடீரென்று உள்ளே வக்கீல் குரல் கேட்டது. "வந்துடுச்சு! வந்துடுச்சு! படம் சூப்பரா தெரியுது, இறங்கி வாங்க!" என்று அம்மா கத்தினாள். வேலை கிடைத்த நாளில்கூட நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

சொட்டச் சொட்ட உள்ளே போனேன். டி.வி. முழுவதும் வெறும் நீலம். எழுத்தும் இல்லை, படமும் இல்லை, சுகந்தி அழும் சத்தம் மட்டும். பாக்ஸிலிருந்து டி.வி.க்குப் போகும் மூன்று ஒயரில் சத்தத்துக்கான இரண்டும் இருந்தன, படத்துக்கான மஞ்சள் ஒயர் கீழே கிடந்தது. ஓடிவந்த அவசரத்தில் அங்கிளின் காலில் மாட்டியிருக்க வேண்டும். அம்மா மடியில் கையை வைத்துக்கொண்டு அந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுகந்தி இன்னைக்குப் பச்சைப் புடவை. அவளுக்கு எடுப்பா இருக்கு இல்ல?" என்றாள்.

எனக்குப் பின்னால் அங்கிள் வாயைத் திறந்தார். நான் அவர் கையை அழுத்தினேன்.

"ஆமா ரோஸ், எடுப்பாத்தான் இருக்கு" என்றேன்.

"பார்டர் மாம்பழக் கலரு."

"ஆமா சிஸ்டர், மாம்பழக் கலருதான்" என்று சொல்லிவிட்டு அங்கிள் மழையில் வெளியே போய் நின்றுகொண்டார்.

மஞ்சள் ஒயரை நான் சொருகவில்லை. சொருகினால் புடவை வேறு நிறமாக இருந்துவிடுமே. தீர்ப்பு தள்ளிவைக்கப்பட்டது என்று நீதிபதி சொல்லும்வரை அவள் பக்கத்தில் உட்கார்ந்து நீலத்தைப் பார்த்தேன். போன வருஷம்வரை குடும்ப ஜெபத்தில் அவள்தான் வேதம் வாசிப்பாள். இப்போதெல்லாம், "நீங்க வாசிங்க, உங்க குரல்ல கேட்டா மனசுல நிக்குது" என்கிறாள். நான் அதைப் பாராட்டு என்று நினைத்துக் கொஞ்சம் ராகம் போட்டே வாசித்து வந்தேன். டீயில் ஒருநாள் உப்பு இருந்தது. சர்க்கரை வியாதி வீட்டில் டப்பா மாறிவிட்டது என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

இதுதான் வழி. விடையை நீயே எழுதிக்கொள். அங்கிளும் நானும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். நமக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் இன்னும் கெட்டியாக நடிப்பாள், ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டாள். நீ லீவு போட்டு வா. உனக்குக் கண் எரிகிறது, தனியாகப் போகப் பயம் என்று ஒரு பொய் சொல். பெற்ற பிள்ளைக்குத் துணை என்றால் வருவாள். உள்ளே போனபின் மீதியை டாக்டரம்மா பார்த்துக்கொள்வார். பொய் சொல்லச் சொல்லி உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது.

ரெனிட்டாவுக்கு எங்கள் அன்பு. பிள்ளைக்கு இரண்டு கன்னத்திலும் தாத்தாவின் முத்தம். போகும்போதும் வரும்போதும் கர்த்தர் உங்களைக் கண்மணிபோல் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அப்பா,
சத்தியநாதன்

பின்குறிப்பு: மேலே உள்ள திட்டத்தை விட்டுவிடு. உனக்கு எழுதும் கடிதத்தை அனுப்பும் முன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம் அல்லவா? கேட்டாள். கேரவன், டிஷ், ஜப்பான் வரைக்கும் வாசித்துவிட்டு நேராக ஆசீர்வாதத்துக்குத் தாவினேன். "பேப்பர் திருப்புற சத்தம் ஜாஸ்தியா இருக்கு, நீங்க வாசிச்சது கம்மியா இருக்கு. முழுசா வாசிங்க" என்றாள். வாசித்தேன். இந்த முறை ராகம் வரவில்லை.

முடித்ததும், "மழையில கூரை மேல நின்னுக்கிட்டு இருந்தீங்க. வரலைன்னு சொன்னா விடியற வரைக்கும் இறங்கியிருக்க மாட்டீங்க. ஏதோ வெளிச்சம் இருந்துச்சு, சத்தம் வந்துச்சு, போதும்னு நினைச்சேன்" என்றாள்.

"பச்சைப் புடவை?"

"அவ்வளவு கஷ்டப்பட்டு வெச்சீங்களே, ஏதாவது பார்த்தேன்னு சொல்ல வேணாமா?"

அதன்பிறகு கண்ணுக்குள் ஊசி என்று எழுதிய இடத்தை மட்டும் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். "திங்கட்கிழமை போலாம். போடும்போது நீங்க உள்ளே என் பக்கத்துல நிப்பீங்களா?" என்று கேட்டாள்.

லீவு போட்டு வருவதை மட்டும் விட்டுவிடாதே, வா. பொய் மட்டும் வேண்டாம். அம்மாவிடம், நிற்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ரஷீத் அங்கிளும் எங்களோடு உள்ளே வருகிறார், என்னைப் பிடித்துக்கொள்ள.