நாலாம் மாடி நலவாழ்வு

புற்றுநோயிலிருந்து பிழைத்து வந்த இளையோரை அப்படியே தெருவில் விட்டுவிடுவது நியாயமில்லை என்று மேலிடத்தில் யாருக்கோ ஒரு நாள் தோன்றிவிட்டது. தோன்றியதோடு நிற்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியின் நாலாவது மாடியில் ‘புற்றுநோயை வென்ற இளையோருக்கான நீண்டகால நலவாழ்வு மேம்பாடு மற்றும் கண்காணிப்புப் பிரிவு’ முறைப்படி திறந்து வைக்கப்பட்டது. பெயர்ப்பலகை சுவரைவிட நீளம். ஆகவே அதை இரண்டாக வெட்டி, முதல் துண்டை வாசலிலும் மீதியைப் பக்கத்துக் கழிவறை மேலும் மாட்டினார்கள். கழிவறைக்கு வந்தவர்கள் ‘கண்காணிப்புப் பிரிவு’ என்று படித்துவிட்டுத் தயங்கித் திரும்பிப் போனதாகக் கேள்வி.

நானும் ஒரு வென்றவள்தான். பதினைந்து வயதில் ரத்தப் புற்றுநோய் வந்து, படாத பாடு படுத்தி, பதினெட்டில் விட்டது. வென்றது நானில்லை, மருந்து. நான் பக்கத்தில் படுத்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். இதைச் சொன்னால் யாரும் ரசிப்பதில்லை. கடைசி நாளன்று குழந்தைகள் வார்டு டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “உனக்குக் குடுத்த மருந்துல ஒண்ணு இதயத்தைக் கொஞ்சம் பதம் பாக்கும். பல வருஷம் கழிச்சுக்கூடத் தெரியலாம். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கோ” என்றார். இருபது வயதில் ஒரு தடவை அவரே எடுத்துப் பார்த்தார். பிறகு அவர் மாற்றலாகிப் போய்விட்டார்.

இப்போது எனக்கு இருபத்து நாலு. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. மேல்தட்டுப் பெட்டிகளை எடுக்க ஏணியில் ஏழு படி ஏற வேண்டும். இந்த வருஷம் நாலாவது படியிலேயே மூச்சு முட்டியது. பயம் பிடித்துக்கொண்டது. அம்மாவிடம் சொன்னேன்.

“உன் வாயில நல்ல வார்த்தையே வராதாடி? அதெல்லாம் முடிஞ்சு போன கதை” என்று அம்மா அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள். பயந்தால் அவள் எதையாவது துடைப்பாள்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். குழந்தைகள் வார்டில், “வயசு இருபத்து நாலு, இங்க என்னம்மா வேலை?” என்றார்கள். பெரியவர்களின் புற்றுநோய்ப் பிரிவில், “நோய் இருக்கா?” என்றார்கள். இல்லை என்றேன். “நோய் இல்லாமலே வரிசைல நின்னீங்களா?” என்று அங்கிருந்த நர்ஸ் என்னை மேலும் கீழும் பார்த்தாள். இதயப் பிரிவில்தான் வழி சொன்னார்கள். நலவாழ்வுப் பிரிவிலிருந்து சீட்டு வாங்கி வந்தால் அன்றைக்கே ஸ்கேன்.

லிஃப்ட் வாசலில் ஆள் தடுத்தார். “நோயாளியா?”

“இல்லீங்க. நோய் குணமானவ.”

“அப்ப படிக்கட்டு அந்தப் பக்கம்.”

மூன்றாவது மாடி வளைவில் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் மேலே போக முடிந்தது. நலவாழ்வுப் பிரிவு கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. இளமஞ்சள் சுவர், தரையில் மெத்தைத் திண்டுகள், சுவரில் இரண்டு பெரிய சிறகுகள். நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டால் பறப்பது போல விழும். கண்காணிப்பாளர் இனிமையான மனிதர். இரண்டு கையாலும் ஒரு படிவம் கொடுத்தார். நாற்பது கேள்விகள். மழையைப் பார்த்தால் மகிழ்கிறீர்களா, தினமும் நன்றிக் குறிப்பேடு எழுதுகிறீர்களா, கண்ணாடியில் உங்களைப் பார்த்துப் புன்னகைக்கிறீர்களா. கடைசிக் கேள்வி, இந்தப் படிவம் உங்களுக்குப் பிடித்திருந்ததா.

“சார், எனக்கு மூச்சு முட்டுது. இதயத்துக்கு ஸ்கேன் எடுக்கணும். ஒரு சீட்டு வேணும்.”

“எப்படிம்மா மேல வந்தீங்க?”

“படியேறி.”

அவர் முகம் மலர்ந்தது. எழுதிக்கொண்டே வாசித்தார். “மனுதாரர் பிறர் உதவியின்றி நான்கு மாடிகள் ஏறி வந்தார். இதயம் திருப்திகரம். பரிசோதனை தேவையில்லை.”

“ஏற முடியாமத்தான் சார் ஏறினேன்.”

“ஏறிட்டீங்க இல்லையா?”

“ஏற முடியாதவங்க என்ன செய்வாங்க?”

“அவங்க மனுவே குடுக்கறதில்லையேம்மா. குடுக்காத மனுவை நான் எப்படிப் பரிசீலிக்கறது?” நியாயமாகத்தான் கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சிறகைப் பிய்த்திருப்பேன். சுவரில் வரைந்தது என்பதால் தப்பித்தது.

அடுத்த வாரம் அண்ணனைக் கூட்டிப் போனேன். வீட்டில் அவனைத் தடியன் என்போம். நான் ஏறினால்தானே வம்பு என்று அவன் முதுகில் ஏறிக்கொண்டேன். இரண்டாவது மாடியில், “பாத்தா ஒல்லியாத்தானேடி இருக்கே” என்றான். மூன்றாவதில் புஸ்புஸ்ஸென்று மூச்சு வாங்கினான். நாலாவதில் என்னை இறக்கிவிட்டுத் திண்டில் சாய்ந்தான்.

கண்காணிப்பாளர் நெகிழ்ந்துபோனார். ‘குடும்ப ஆதரவு: மிகச் சிறப்பு’ என்று எழுதி, போன வாரம் படிவத்துக்குப் போட்டிருந்த என் நலவாழ்வு மதிப்பெண்ணை எண்பத்தொன்றிலிருந்து தொண்ணூற்று நாலுக்கு உயர்த்தினார். அப்புறம்தான் அண்ணனைக் கவனித்தார்.

“இவருக்கு ஏன் இப்படி வேர்க்குது? முன்னாடி பெரிய நோய் எதாவது?”

“சளிகூடப் பிடிச்சதில்ல சார்.”

“அப்ப இவர் பொதுமக்கள். பொதுமக்களுக்கு மூச்சு வாங்கினா உடனே ஸ்கேன் எடுக்கணும்னு சுற்றறிக்கை இருக்கே. என்னம்மா இவ்வளவு அலட்சியமா இருக்கீங்க?”

சீட்டு எழுதினார். அண்ணனை சக்கர நாற்காலியில் உட்காரவைத்து லிஃப்டில் இறக்கினார்கள். நான் படியில் இறங்கிப் போவதற்குள் ஸ்கேன் முடிந்துவிட்டது. குதிரைக்கு இருப்பது போல இதயமாம். அந்தப் படத்தை அம்மா குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்தாள். ஒரு வாரம் அண்ணன் வீட்டில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். எனக்கு மூச்சு முட்டுவது மட்டும் அப்படியே இருந்தது.

மூன்றாவது வாரம் கடிதம் வந்தது. தொண்ணூற்று நாலு மதிப்பெண் பெற்றவர் வேறு யாருமில்லையாம். ஆண்டு விழாவில் எனக்குச் ‘சிறந்த நலவாழ்வாளர்’ கேடயம். அம்மா அடுப்பை விட்டுவிட்டு என் கன்னத்தைத் துடைத்தாள். “பாத்தியா, நான் சொன்னேன்ல? நீ நல்லா இருக்கேன்னு அரசாங்கமே சொல்லுது.”

விழா அதே நாலாம் மாடியில். நான் போகும்போது மூன்றாவது மாடி வளைவில் உட்கார இடமில்லை. என் போல வென்றவர்கள் நாற்பது பேர் சுவரோரமாகச் சாய்ந்து, ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். மேலே போனதும் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். என் பக்கத்து நாற்காலியில் கல்லூரி மாணவன் ஒருத்தன். எலும்புப் புற்றுநோயை வென்றவன். அந்தப் பக்கம் அவன் அப்பா.

பிரிவின் இயக்குநர் கேடயத்தைக் கொடுத்து, ஒரு வார்த்தை பேசச் சொன்னார். பேசினேன். “எனக்கு மூச்சு முட்டுது. ஸ்கேன் வேணும். இங்க இருக்கிற நெறைய பேருக்கு வேணும்.”

இயக்குநர் கலங்கவில்லை. ஒலிபெருக்கியை வாங்கி, “இது ஜனநாயக அமைப்பு. வேற யாருக்காவது இந்தக் குறை இருந்தா கை தூக்கலாம்” என்றார்.

ஒரு கைகூட எழவில்லை. பலர் கையை அவரவர் அம்மா பிடித்துக்கொண்டிருந்தாள். மாணவன் பாதி தூக்கினான். அப்பா திரும்பிப் பார்த்தார். தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டான். என் அம்மா முதல் வரிசையில், நான் துணியில்லாமல் மேடையேறிவிட்டது போலத் தலையைக் குனிந்திருந்தாள்.

விழா முடிந்ததும் இயக்குநர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டு, அன்பாகத்தான் பேசினார்.

“உங்களுக்கு மட்டும்னா இப்பவே சீட்டு தரலாம்மா. எல்லாருக்கும்னா குழு போடணும். குழுவுக்கு ரெண்டு வருஷம் ஆகும். அதுக்குள்ள உங்க மூச்சுக்கு எதாவது ஆயிட்டா எங்களுக்குத்தானே வருத்தம்?”

மேஜைமேல் இரண்டு காகிதம் வைத்தார். ஒன்று சீட்டு. இன்னொன்று ஆண்டறிக்கை. ‘பிரிவில் பதிவுபெற்ற இளையோர் நாற்பத்தொருவரும் பூரண நலத்துடன் உள்ளனர். எவருக்கும் மேற்கொண்டு பரிசோதனை தேவைப்படவில்லை.’ கீழே, இளையோர் சார்பில் சிறந்த நலவாழ்வாளர் கையெழுத்து என்று ஒரு கோடு.

யோசித்தேன். ரொம்ப நேரம் யோசித்ததாகச் சொல்ல ஆசைதான்.

ஸ்கேன் எடுத்தார்கள். இதயம் கொஞ்சம் சோர்ந்துதான் போயிருந்தது. “நல்ல சமயத்துல வந்தீங்க. மாத்திரையிலயே சரி பண்ணிடலாம். இன்னும் ரெண்டு வருஷம் விட்டிருந்தா கஷ்டம்” என்றார் டாக்டர். பிழைத்தேன் என்று அந்த அறையிலேயே அழுதேன். அம்மாவும் அழுதாள். சந்தோஷம் தாங்கவில்லை.

வெளியே வந்தபோது அந்த மாணவன் அப்பாவுக்குத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தான். ஒரு கையில் வெள்ளைக் காகிதம், ஒரு கையில் பேனா. உதடு லேசாக நீலம் பாரித்திருந்தது.

“அக்கா, உங்களுக்கு மட்டும் சீட்டு குடுத்துட்டாங்களே, என்ன எழுதிக் குடுத்தீங்க? சொல்லுங்கக்கா, நானும் அதையே எழுதிக் குடுத்துடறேன்.”

நான் எழுதிக் கொடுத்தது, அவன் நலமாக இருக்கிறான் என்றுதான்.