உரியவர் வந்து பெற்றுக்கொள்ளவும்

வாசலில் நின்ற பெரியவரின் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்ததும் டோக்கன் அக்காவின் முகம் தொங்கிப்போனது.

"இது உங்களுதுதானேம்மா? காலைல பஸ்ல விட்டுட்டுப் போயிட்டீங்க. உள்ள நம்பரும் விலாசமும் எழுதியிருந்துச்சு. போன் போட்டேன், நீங்க எடுக்கல. அதான் நேர்லயே வந்துட்டேன்."

மூன்று பஸ் மாறி வந்திருந்தார். மூச்சு வாங்கியது.

"ரொம்ப நன்றிங்கய்யா. உள்ள வாங்க, டீ சாப்பிட்டுப் போங்க," என்றார் அக்கா. வேறென்ன சொல்வது?

அந்த வாரத்தில் அது ஐந்தாவது டீ.

அக்காவுக்கு ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேஜையில் வேலை. வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுப்பவர் என்பதால் ஊரே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. ஒரு நோயாளி உள்ளே போய் வெளியே வருவதற்குள் கிடைக்கும் பத்துப் பதினைந்து நிமிஷங்களில், பல்லைக் குடையும் இயந்திரத்தின் சத்தத்துக்கும் அவ்வப்போது கேட்கும் அலறலுக்கும் நடுவே, பழைய டோக்கன் சீட்டுகளின் பின்பக்கத்தில் ஒரு நாவல் எழுதினார். ஒன்பது வருஷம். முன்னூற்றுப் பன்னிரண்டு பக்கம். 'யாருடைய சாவி' என்று தலைப்பு. தன் கைப்பையில் வேறு யாருடைய வீட்டுச் சாவியோ கிடப்பதை ஒரு பெண் கண்டுபிடிப்பதில் கதை தொடங்குகிறது.

புத்தகம் வந்த அன்றே பதிப்பாளர் நூறு பிரதிகளை வீட்டில் இறக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"எழுதினது நீங்க, அச்சடிச்சது நான். படிக்கிறவங்க கையில கொண்டுபோய்ச் சேர்க்குறது இப்பல்லாம் எழுதினவங்க பொறுப்பு. பெரிய பெரிய ஆளுங்களே அப்படித்தான் அலையுறாங்க."

வேறு யாராக இருந்தாலும் பெட்டிகளைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு விதியை நொந்துகொண்டிருப்பார்கள். அக்கா அந்த ரகம் இல்லை.

முதலில் மருத்துவமனையிலேயே மேஜைமேல் நான்கு பிரதிகளை வைத்துப் பார்த்தார். வந்தவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சுவரையே வெறித்தார்கள். ஒரே ஒருவர் புத்தகத்தைக் கையில் எடுத்தார். விசிறிக்கொள்ள.

பிறகுதான் பஸ் யோசனை வந்தது. தினமும் இறங்கும்போது இருக்கையில் ஒரு பிரதியை விட்டுவிட வேண்டியது. எடுத்தவர் படிப்பார், நாலு பேரிடம் சொல்வார். படித்துவிட்டு ஒரு வார்த்தை பேச ஆசைப்பட்டால் உள்ளே நம்பர், கடிதம் எழுத விலாசம். இதில் அக்கா கணக்கில் எடுக்காத ஒரே விஷயம், உலகத்தில் இவ்வளவு நல்லவர்கள் இருப்பார்கள் என்பதுதான். விட்ட பிரதி ஒவ்வொன்றும் சாயங்காலத்துக்குள் வீடு வந்து சேர்ந்தது.

"அந்த நம்பர், விலாசம் எல்லாத்தையும் எடுத்துடு. தேடி வர மாட்டாங்க," என்றார் வீட்டுக்காரர். அவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கே சிக்கியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வதில் கெட்டிக்காரர்.

எடுத்தார். வீட்டுக்கு யாரும் வரவில்லை. டீத்தூள் மிச்சமானது. இரண்டு வாரம் கழித்துக் கண்டக்டரே அக்காவிடம் பேச்சுவாக்கில் சொன்னார்.

"இந்த ரூட்ல யாரோ ஒருத்தர் ஒரே புத்தகத்த ஒம்பது தடவ தொலைச்சிருக்காங்கக்கா. ஜனங்க கொஞ்சம் புரட்டிப் பாத்துட்டு, இறங்கும்போது கரெக்டா என்கிட்ட குடுத்துடுறாங்க. எல்லாம் டிப்போல தொலைஞ்ச பொருள் செக்‌ஷன்ல கிடக்கு. பாவம், அவங்களுக்கு என்ன மறதியோ."

"பாவம்தான்," என்றார் அக்கா.

மறுநாள் காலை ஒரு பிரதியை எடுத்தார். தூசி படாமல் இருக்கப் பழுப்புத் தாளில் நன்றாகச் சுற்றினார். குழப்பமே வரக் கூடாது என்று மேலே சிவப்பு மையில் பெரிதாக எழுதினார்: 'இது யாரும் தொலைத்தது அல்ல. உங்களுக்காகவே வைக்கப்பட்டிருக்கிறது. பிரித்துப் பாருங்கள்.'

இருக்கையில் வைத்துவிட்டு மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்து, முதல் வாசகருக்காகக் காத்திருந்தார்.

முதல் வாசகர் நீலச் சட்டை போட்ட ஓர் அம்மாள். வாசகத்தை ஒருமுறை படித்தார். இன்னொரு முறை படித்தார். பிறகு மெதுவாக எழுந்து, குரலே எழும்பாமல், "வண்டிய நிறுத்துங்க," என்றார்.

ஐந்தாவது நிமிஷம் பஸ்ஸிலிருந்த அத்தனை பேரும் நூறடி தள்ளி வெயிலில் நின்றார்கள். அக்காவும் நின்றார். பக்கத்தில், மருத்துவமனையில் பத்து மணி டோக்கன் வாங்கியிருந்த ஆள் வீங்கிய கன்னத்தோடு நின்றார்.

"இத வச்சவன் மட்டும் கையில கிடைச்சா, மரத்துப்போற ஊசி போடாமலே அத்தன பல்லையும் புடுங்கணும். என்னக்கா சொல்றீங்க?"

"அத்தன பல்லையுமா?" என்று மெல்லக் கேட்டார் அக்கா.

போலீஸ் வந்தது. ஒரு அதிகாரி நீளக் கம்பால் தாளைப் பிரித்தார். உள்ளே புத்தகம். ஏதாவது ரகசியச் செய்தி இருக்குமோ என்று நின்றபடியே பத்துப் பதினைந்து பக்கங்களைக் கூர்ந்து படித்தார். மேலதிகாரி இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் நிமிர்ந்தார். ஆபத்தில்லை என்று நீலச் சட்டை அம்மாளிடமும் பிரித்துக் காட்டிவிட்டுப் புத்தகத்தை டிப்போவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதோடு போயிருந்தால் அக்காவும் பேசாமல் இருந்திருப்பார். மறுநாள் கண்டக்டரின் முகம் பேயறைந்தது போல் இருந்தது.

"மெமோ குடுத்துட்டாங்கக்கா. சீட்டெல்லாம் செக் பண்ணாம வண்டிய எடுத்தேனாம். சேர்ந்து எட்டு மாசம்தான் ஆகுது. வேலை நிக்குமான்னு தெரியல."

அன்று சாயங்காலம் அக்கா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, நடந்ததை ஒன்று விடாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"நீதான்னு யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் வீட்டுக்காரர்.

"எனக்குத் தெரியுமேங்க. புத்தகம் என்னுதுன்னா, அது பண்ற கூத்தும் என்னுதுதானே?"

அவர் கடிதத்தை வாங்கிப் படித்தார். "ஒம்பது வருஷமா பாக்குறேன். ஒரு வரி சரியில்லன்னா பத்து தடவ அடிச்சு எழுதுவ. இத மட்டும் அப்படியே விடுவியா என்ன. நானும் லீவு போட்டுட்டு வர்றேன்."

டிப்போவில் தொலைந்த பொருள் பிரிவு ஒரு நீளமான அறை. அலமாரியில் குடைகள், சாப்பாட்டு டப்பாக்கள், ஒற்றைச் செருப்புகள். 'உரியவர் வந்து பெற்றுக்கொள்ளவும்' என்ற பலகைக்குக் கீழே குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். நீலச் சட்டை அம்மாளும் இருந்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் விறைப்பாக நின்றார்கள்.

வெயிலில் நின்றவர்கள் புகார் கொடுக்க வந்திருக்கிறார்கள் என்று அக்கா நினைத்தார். ஆனாலும் வரிசையைத் தாண்டி நேரே மேஜைக்குப் போய்க் கடிதத்தை நீட்டினார்.

"அந்தப் பொட்டலத்த வச்சது நான்தாங்க. கண்டக்டர் தம்பி மேல ஒரு தப்பும் இல்ல."

குமாஸ்தா கடிதத்தை நிதானமாகப் படித்தார். முத்திரை குத்தினார்.

"சரிம்மா, இத மேல அனுப்பிடுறேன். கண்டக்டர் மெமோ இதோட தீர்ந்துடும்."

அக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "இனிமே பஸ்ல வைக்க மாட்டேங்க. என் புத்தகம் பத்தும் இங்கதான் இருக்குன்னாங்க. எடுத்துட்டுப் போயிடட்டுமா?"

குமாஸ்தா மேஜை இழுப்பறையைத் திறந்தார். நடுவில் பஸ் டிக்கெட் ஒன்றை அடையாளம் வைத்திருந்த ஒரு பிரதியை வெளியே எடுத்தார். கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்:

"தன்னோட புத்தகம் தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லித்தாம்மா இந்த ஆறு பேரும் காலைலேருந்து நிக்கிறாங்க, ஆனா கடைசியில என்ன ஆகுதுன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல."